சுளுக்குக்கு லீவு கிடையாது

சுளுக்குக்கு நம்ம ஊரில் மரியாதை கிடையாது. எலும்பு முறிந்தால் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகச் சொந்தக்காரர்கள் வரிசையில் வருவார்கள். மாவுக்கட்டு மேல் நண்பர்கள் கையெழுத்துப் போடுவார்கள். சாதாரணக் காய்ச்சலுக்குக்கூட "பாவம், படுத்துக்கட்டும்" என்று ஒரு வார்த்தை கிடைக்கும். சுளுக்கு என்று சொல்லிப் பாருங்கள். "அவ்ளோதானா? நீவி விட்டா போயிடும்" என்று எழுந்து போய்விடுவார்கள். கழுத்து திரும்பாவிட்டாலும் சுளுக்கு, இடுப்பு பிடித்துக்கொண்டாலும் சுளுக்கு, கணுக்காலுக்குள் நார் கிழிந்தாலும் சுளுக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் மரியாதை எங்கிருந்து வரும்?

இந்த மரியாதையில்லாத வியாதியோடு ஆறு வாரம் குடித்தனம் நடத்தியவன் என்ற தகுதியில் சில விஷயங்கள் சொல்லலாம் என்று இருக்கிறேன். பாதி காலைப் பற்றி, மீதி காசைப் பற்றி. பி.காம். படிக்கிறவன் வேறு எதைப் பற்றிப் பேசுவான் :-)

எங்கள் ஊர் வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில். ஏழடி உயர முருகன் கோயிலைச் சொன்னால் பக்தர்களுக்குத் தெரியும், ஒரகடம் என்று சொன்னால் மற்ற எல்லோருக்கும் தெரியும். காணும் பொங்கல் அன்று ஊருக்குள் வாலிபால் போட்டி வைப்பார்கள். நெட்டுக்கு முன்னால் பிளாக் பண்ண எகிறிக் குதித்தேன். இறங்கும்போது என் வலது கால் தரையில் இறங்கவில்லை, எதிர் டீம் பையனின் ஷூ மேல் இறங்கியது. பாதம் உள்பக்கமாக மடங்கியது. 'டொப்' என்று ஒரு சத்தம். அவன் பாவம், என்னைவிட அதிகமாகப் பயந்துபோய்விட்டான். வாலிபாலில் கணுக்கால் போவதற்கு உலகம் முழுக்க இதுதான் பிரபலமான வழியாம். நெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் குதித்தால் இறங்குவதற்கு இருக்கிற இடம் கொஞ்சம்தான்.

பத்து நிமிஷத்தில் கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. பத்து நிமிஷத்தில் பத்து வைத்தியர்களும் வந்துவிட்டார்கள். கீழத்தெருத் தாத்தா "நல்லெண்ணெய் போட்டு ஒரு இழு இழுத்தா சரியாயிடும்டா" என்று கையை முறுக்கிக்கொண்டு கிட்டே வந்தார். பிறக்கும்போது கால் முதலில் வந்து பிறந்தவங்க யாராவது மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்று ஒரு பெரியம்மா ஆள் தேடப் போனார். (நல்லவேளை, சிக்கவில்லை.) புளியும் உப்பும் மஞ்சளும் கலந்து சூடாகப் பத்துப் போட அம்மா தயார். அப்பா மட்டும் "புத்தூர் போயிடலாமா?" என்றார். திருத்தணி, நகரி தாண்டி ஆந்திராவில் இருக்கிற அந்தப் புத்தூரின் பெயரைப் போட்டுத் தமிழ்நாடு முழுக்க எத்தனை போர்டு பார்த்திருப்பீர்கள்! முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் பத்தை என்று எலும்புக்குக் கட்டுப் போட்டுப் பேர் வாங்கிய ஊர் அது.

கடைசியில் போனது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம். அவர் செய்தது இரண்டே காரியம். வெளிக் கணு, உள் கணு இரண்டு எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும், அப்புறம் பாதத்தில் ஒன்றிரண்டு இடங்களையும் விரலால் அழுத்திப் பார்த்தார். "நாலு அடி நட தம்பி" என்றார். நொண்டி நொண்டி நாலு அடி நடந்தேன். "எக்ஸ்ரே வேண்டாம்" என்றார். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. எக்ஸ்ரே எடுக்காத டாக்டர் என்ன டாக்டர்?

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் அந்த நாலு அடிக்கு ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற அவசர சிகிச்சை மருத்துவரும் அவருடைய குழுவும் 1992-ல் வெளியிட்ட விதி. எலும்பின் குறிப்பிட்ட இடங்களில் அழுத்தினால் வலி இல்லை, அடிபட்ட உடனேயோ ஆஸ்பத்திரியிலோ நாலு அடி எடுத்து வைக்க முடிகிறது என்றால், முறிவு இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இந்த விதியால் தேவையில்லாத எக்ஸ்ரேக்களில் 30 முதல் 40 சதவீதம் வரை குறைக்கலாம் என்று 2003-ல் கணக்குச் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு நீங்களே விரலால் அமுக்கிப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அமுக்க வேண்டிய இடம் தெரிந்தவர் அமுக்கட்டும்.

உள்ளே நடந்தது என்ன? எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற நாருக்கு லிகமெண்ட் என்று பெயர். கணுக்காலின் வெளிப்பக்கம் மூன்று லிகமெண்ட் இருக்கின்றன. உள்பக்கம் விசிறி மாதிரி ஒரு பலமான கட்டு. பாதம் உள்ளே மடங்கும்போது அடி வாங்குவது வெளிப்பக்கம். அதிலும் முதலில் போவது முன்னால் இருக்கிற, மூன்றில் பலவீனமான ஒன்று. நார் இழுபட்டு மட்டும் இருந்தால் முதல் நிலை, பாதி கிழிந்தால் இரண்டாம் நிலை, முழுக்கக் கிழிந்தால் மூன்றாம் நிலை. எனக்கு இரண்டாவது. முதல் நிலைக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம், இரண்டாவதற்கு மூன்றிலிருந்து ஆறு வாரம், மூன்றாவதற்கு மாதக்கணக்கு என்று தோராயமாகச் சொல்கிறார்கள். வீக்கம் வற்றியதும் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. புதிதாக வளர்கிற நார் முறுக்கேறிப் பழைய பலத்துக்குக் கிட்டே வர மாதங்கள் ஆகும்.

வைத்தியமும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1978-ல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு சூத்திரம் சொன்னார். ரெஸ்ட், ஐஸ், கம்ப்ரெஷன், எலிவேஷன். முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ரைஸ்'. ஓய்வு எடு, ஐஸ் வை, பேண்டேஜ் சுற்று, காலை உயர்த்தி வை. நாற்பது வருஷம் பள்ளிக்கூட பி.டி. மாஸ்டரிலிருந்து ஒலிம்பிக் டீம் வரை எல்லோருக்கும் இதுதான் வேதம். 2014-ல் அதே மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று தானே எழுதினார். 2019-ல் வேறு இரண்டு ஆய்வாளர்கள் 'பீஸ் அண்ட் லவ்' என்று ஒரு புதுச் சூத்திரம் கொண்டுவந்தார்கள் (கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது). சாரம் இதுதான்: முதல் இரண்டு மூன்று நாள் காலைக் காப்பாற்று, உயர்த்தி வை, கட்டு. அப்புறம் வலி அனுமதிக்கிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்று, அசை, நட.

அதாவது முதலில் ஓய்வு, பிறகு அளவான வேலை. இரண்டுக்கும் நாட்கள் வேண்டும். இங்கேதான் என் கதை முடிந்து என் அக்காவின் கதை ஆரம்பிக்கிறது.

முதல் வாரம் நான் வீட்டு வாசல் பக்கத்து அறையில், இரண்டு தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அந்த ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் சிங்கப்பெருமாள்கோயில் - ஸ்ரீபெரும்புதூர் சாலை. படுத்துக் கிடந்தால் அந்தச் சாலைதான் கடிகாரம். விடிவதற்கு முன்னால் முதல் ஷிஃப்ட் பஸ்கள். அப்புறம் கார்களை இரண்டு அடுக்காக அடுக்கிக்கொண்டு போகிற நீள லாரிகள், கண்டெய்னர்கள். மதியம் இரண்டாம் ஷிஃப்ட் பஸ்கள். ராத்திரி அவர்களை இறக்கிவிட வருகிற அதே பஸ்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் முதல் சான்ட்ரோவைத் தயாரித்தபோது நானும் பிறக்கவில்லை, இந்த பஸ்களும் ஓடவில்லை. 2006-ல் நோக்கியா வந்து 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்குகிற விடுதி வளாகத்தை 706.50 கோடி ரூபாயில் கட்டித் திறந்தார்கள். வேலையில்லாமல் படுத்திருந்தவன் கணக்குப் போட்டேன்: அந்த ஒரு வளாகத்தில் மட்டும் 37,440 கணுக்கால்கள். பெரும்பாலும் நின்றுகொண்டே செய்கிற வேலைக்குப் போகிற கணுக்கால்கள்.

அதே பஸ்களில் ஒன்றில்தான் அக்காவும் போய் வருகிறாள். ஒரு கான்ட்ராக்டர் மூலமாக ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை. என்னைவிட நாலு வயது மூத்தவள். என் செமஸ்டர் ஃபீஸ் அவள் சம்பளத்தில்தான் போகிறது.

2023 ஐப்பசி மழையில், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது தண்ணீருக்குள் பள்ளம் இருந்தது தெரியாமல் அவள் கால் மடங்கியது. என் காலைப் போலவே, அதே வெளிப்பக்கம், அதே கொழுக்கட்டை. இரண்டு நாள் வீட்டில் இருந்தாள். மூன்றாவது நாள் கிரேப் பேண்டேஜைச் சுற்றி, ஒரு சைஸ் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். எட்டு மணி நேரம் நின்று வேலை. சூப்பர்வைசரிடம் சொன்னதற்கு, "பஸ்ஸை விட்டு இறங்கினப்புறம் விழுந்தா கம்பெனிக்கு என்னம்மா சம்பந்தம்?" என்று பதில் வந்தது. அவளும் அது நியாயம்தான் என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அதே கால் இரண்டு தடவை மடங்கியது. இப்போதும் மேடு பள்ளத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள்.

நான் படுத்துக் கிடந்த அறைக்கு ஒரு நாள் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தலையணை மேல் இருந்த என் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "உனக்கு எத்தனை நாள்டா லீவு?" என்றாள்.

"அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இருந்தா போதும்க்கா. 90 நாள் செமஸ்டர். 68 நாள் போகணும். 22 நாள் போகாம இருக்கலாம். அதுக்கு மேல ஆனாலும் மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுக்கலாம்."

"எங்களுக்கு நூத்துக்கு நூறுடா" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். கோபமெல்லாம் இல்லை. மார்க் சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் அன்றைக்கு நோட்டை எடுத்தேன். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் ஐடில் டைம் என்று ஒரு பாடம் உண்டு. மெஷின் பழுதாகி நின்றால், கரண்ட் போனால், தொழிலாளி சும்மா நிற்கிற நேரத்தின் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இரண்டு மார்க்கிலும் பத்து மார்க்கிலும் கேட்பார்கள். மெஷின் பழுதுக்குத் தனி ஒதுக்கீடு, தேய்மானத்துக்குத் தனி ஒதுக்கீடு எல்லாம் இருக்கிறது. கணுக்கால் பழுதுக்கு யார் கணக்கில் எழுதுவது? அக்காவின் அந்த மாதத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

அப்போது அவள் சம்பளம் 15,600 ரூபாய். 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 600. ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தால் அட்டெண்டன்ஸ் போனஸ் 1,500. ஒரு நாள் போடாவிட்டாலும் அது மொத்தமாகப் போய்விடும். ஆக இரண்டு நாள் லீவுக்கு அவள் இழந்தது 1,200-ம் 1,500-ம் சேர்த்து 2,700 ரூபாய். டாக்டர் சொல்கிற இரண்டு வாரம் வீட்டில் இருந்திருந்தால்? வேலை நாள் 12. போகிற சம்பளம் 7,200, போனஸ் 1,500, மொத்தம் 8,700. அவள் ஏன் பஸ் ஏறினாள் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

ஆனால் பே-ஸ்லிப்பில் இன்னொரு எண் இருந்தது. ஈ.எஸ்.ஐ. பிடித்தம்: 117 ரூபாய். 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,600-க்கு அவள் கட்டியது 117, அவள் பேரில் கட்ட வேண்டியது இன்னும் 507. மாதாமாதம் 624 ரூபாய். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இதற்குள் வருவார்கள் (2017-ல் அந்த உச்சவரம்பு வைத்தது). கான்ட்ராக்ட் தொழிலாளி என்பதால் விலக்கு ஒன்றும் இல்லை. இந்தப் பணத்துக்கு ஈடாக என்ன உண்டு என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில மாத்திரை தருவாங்க" என்று சொல்பவர்கள்தான் எங்கள் தெருவில் அதிகம். மாத்திரை மட்டுமல்ல, லீவுக்குப் பணமும் உண்டு.

சாதாரண நோய் என்று எடுத்துக்கொண்டால், அதற்குரிய ஆறு மாதத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால், டாக்டர் சான்றிதழ் கொடுக்கிற நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம். வருஷத்துக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாள் மட்டும் கணக்கில் வராது. வேலையால் வந்த காயம் என்றால் 90 சதவீதம். அதற்கு இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உண்டு. விபத்து நடந்த நாளை விட்டுவிட்டுக் குறைந்தது மூன்று நாள் வேலை செய்ய முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, பஸ்ஸை விட்டு இறங்கி விழுந்தது வேலையால் வந்த காயமா? சூப்பர்வைசர் சொன்னது எல்லோரும் சொல்வது. ஆனால் 1948-ஆம் வருஷ ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் 51-ஈ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ, வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியிலோ விபத்து நடந்து, அந்தச் சூழ்நிலை, நேரம், இடம் இவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்கிறது என்று நிரூபித்தால், அதுவும் வேலையில் நடந்த விபத்தே. ஷிஃப்ட் முடிகிற நேரம், கம்பெனி பஸ், அது வழக்கமாக நிற்கிற இடம். இதைவிட என்ன தொடர்பு வேண்டும்? அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கிறது. போகிற வழி, வருகிற வழி விபத்துகளை அதுவும் ஏற்றுக்கொள்கிறது.

இப்போது கணக்கை முடிப்போம். 600-ல் 90 சதவீதம் 540. ஈ.எஸ்.ஐ. பணம் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத்தான் வரும். ஆக 14 நாளுக்குத் தோராயமாக 7,560 ரூபாய். அக்காவின் இரண்டு வார இழப்பு 8,700. கழித்தால் 1,140.

திரும்பவும் பாருங்கள். இரண்டு நாள் லீவு போட்டு, நொண்டிக்கொண்டே போய் நின்றதற்கு அவள் கொடுத்த விலை 2,700. இரண்டு வாரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய விலை 1,140. ஓய்வுதான் மலிவு! ஆனால் அந்த மலிவு விலை எழுதிய போர்டு எங்கேயும் தொங்கவில்லை.

கணக்கு இத்தோடு முடிந்துவிடவில்லை என்பது எனக்கும் தெரியும். கிளெய்முக்கு முதலாளி பக்கம் விபத்து அறிக்கை எழுத வேண்டும். டிஸ்பென்சரிக்கு நொண்டிக்கொண்டே போய் வரிசையில் நிற்க வேண்டும், சான்றிதழ் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பயம்: இரண்டு வாரம் போகாவிட்டால் திரும்பக் கூப்பிடுவார்களா? அந்தச் சமயத்தில் வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று பழைய சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொன்னது. "அடுத்த மாசம் பார்க்கலாம்மா" என்று கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே சொன்னால் அது எந்தப் பிரிவில் வரும்? அந்த பயத்துக்கு நான் ரூபாய் மதிப்புப் போடவில்லை. போடத் தெரியாது.

2023-லேயே, அக்கா விழுந்த அதே மழைக்கால வாரங்களில், இன்னொரு கணுக்காலைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? அக்டோபர் 19-ம் தேதி புனேயில் பங்களாதேஷுக்கு எதிரான உலகக் கோப்பை மேட்சில், தான் போட்ட பந்தைக் காலால் தடுக்கப் போய் ஹர்திக் பாண்டியாவுக்கு இடது கணுக்காலில் அடி. நவம்பர் 4-ம் தேதி உலகக் கோப்பையிலிருந்தே விலக வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் பிப்ரவரிக் கடைசியில்தான் திரும்ப மைதானத்தில் பார்த்தோம். உலகக் கோப்பையே ஆனாலும் கால் தயாராகாமல் இறக்கவில்லை. அது சரியான முடிவு, சந்தேகமே இல்லை. உடம்பை வைத்துச் சம்பாதிக்கிறவருக்கு உடம்புதான் மூலதனம். லைனில் நிற்கிறவளும் உடம்பை வைத்துத்தானே சம்பாதிக்கிறாள்?

அவசரமாகத் திரும்பினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிகமெண்ட் வெறும் கயிறு இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிற நரம்பு நுனிகள் அதற்குள் இருக்கின்றன. கிழியும்போது அந்தச் செய்தியும் குழம்புகிறது. 1965-ல் பிரிட்டனில் ஃப்ரீமன் என்ற மருத்துவரும் குழுவும் இதைக் கவனித்தார்கள்: கணுக்கால் மடங்கியவர்களை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால், வலி போன பிறகும் தள்ளாடுகிறார்கள். சமநிலைப் பயிற்சி கொடுத்தால் தள்ளாட்டம் குறைகிறது. நெதர்லாந்தில் 2001-2002 சீசனில் நூற்றுக்கும் மேற்பட்ட வாலிபால் டீம்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஆடுகிற பலகை மேல் நின்று பயிற்சி எடுத்தவர்களில், ஏற்கெனவே கணுக்கால் மடங்கியவர்களுக்குத் திரும்ப மடங்குவது கணிசமாகக் குறைந்தது. அக்கா கால் திரும்பத் திரும்ப மடங்கியதற்கு அவள் நடை காரணமில்லை, "ராசி" காரணமில்லை. பயிற்சிக்கு நாள் கிடைக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது. பிசியோதெரபிஸ்ட் முதலில் சொன்ன பயிற்சி, காலை நீட்டி உட்கார்ந்து கட்டைவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் ஏ, பி, சி, டி எழுதுவது. 26 எழுத்து இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. "தமிழ்ல எழுதலாமா சார்?" என்றேன். "தாராளமா, இன்னும் நல்லது" என்றார். அ, ஆ வரை சிரித்துக்கொண்டே போனேன். 'இ' போடும்போதே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. 'ஃ' எழுத மூன்று தடவை குத்த வேண்டும். 'ஞௌ' எழுதுவதற்குள் வியர்த்துவிட்டது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 எழுத்தையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தது நான்காவது வாரம். நம்ம மொழி மாதிரி கணுக்காலை எல்லாத் திசையிலும் திருப்புகிற மொழி வேறு இருக்குமா தெரியவில்லை :-)

அடுத்தது ஒற்றைக் காலில் நிற்பது. முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. திண்ணை ஓரத்தில் நான் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து அக்கா சிரித்தாள். "சிரிக்காதக்கா, நீ நில்லு பாப்போம்" என்றேன். நின்றாள். இடது காலில் ஒன்றும் ஆகவில்லை. அடிபட்ட வலது காலில் நின்றபோது மூன்று எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்தாள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன காயம். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும்தான்.

அன்றையிலிருந்து இரண்டு பேருமாகச் செய்கிறோம். காலையில் பல் தேய்க்கும்போது ஒரு காலில் ஒரு நிமிஷம், அடுத்த காலில் ஒரு நிமிஷம். அதற்குத் தனியாக நேரமும் வேண்டாம், லீவும் வேண்டாம். போன வாரம் அவள் வலது காலில் நாற்பது எண்ணும் வரை நின்றாள். அடிபட்டு வருஷங்கள் ஆனாலும் இந்தப் பயிற்சி பயன்படும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக இரண்டு மூன்று விஷயம். கால் மடங்கினால் இழுக்காதீர்கள், முறுக்காதீர்கள். நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ எலும்பில் தொட்டால் வலித்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். வேலையில் நடந்திருந்தாலும், போகிற வருகிற வழியில் நடந்திருந்தாலும், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்று அன்றைக்கே சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள். பே-ஸ்லிப்பில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா, உங்கள் காப்பீட்டு எண் என்ன என்று இன்றைக்கே பாருங்கள். கால் நன்றாக இருக்கும்போது பார்ப்பதுதான் சுலபம்.

அக்காவின் 2023 கணக்கு முடிந்துபோன கணக்கு. ஆனால் மாசி மாதக் கடைசியில் அவள் லைனில் வேலை செய்கிற ஒரு பெண் பஸ் படியில் சறுக்கிக் காலை மடக்கிக்கொண்டாளாம். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண். "ஒண்ணுமில்லக்கா, சுளுக்குதான்" என்றாளாம். அக்கா அவளை அங்கேயே உட்கார வைத்து, டிரைவர் பெயர், நேரம், இடம் மூன்றையும் ஒரு பேப்பரில் எழுதி, கூட இருந்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, ஹெச்.ஆர். மேஜையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். கொடுத்ததற்கு ஒரு நகலும் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் பதினோரு நாள் கழித்துத்தான் வேலைக்கு வந்தாள். நொண்டாமல் வந்தாள் என்று அக்கா சொன்னாள்.